ஐஎஸ்ஓ 9001 போன்ற தரநிலைகளை நிறுவனங்கள் ஏன் ஏற்கின்றன?
மேலாண்மைத் தரநிலை என்றால் வேலையை எப்படித் திட்டமிடுவது, எதைப் பதிவு செய்வது, தவறு நடந்தால் என்ன செய்வது என்று சொல்லும் பொதுவான விதிகள். ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரநிலை அமைப்பு 1987இல் முதலில் வெளியிட்ட ஐஎஸ்ஓ 9001 இதில் பிரபலம். பல நிறுவனங்கள் இதற்குள் வருவது ஆசைப்பட்டு அல்ல, வாடிக்கையாளரோ டெண்டரோ சான்றிதழ் கேட்பதால்தான். முன்பின் தெரியாதவரை நம்ப ஏதாவது வேண்டுமே.

ஆனால் உள்ளே நடப்பது வேறு. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால், அவர் ஊருக்குப் போன அன்று எல்லோரும் திண்டாடுவார்கள், சாவியில் சீட்டு ஒட்டிவிட்டால் சரி. அப்படித்தான் மூத்த ஊழியரின் தலைக்குள் இருந்தது எழுத்துக்கு வருகிறது. சான்றிதழுக்கான தணிக்கைக்கு முந்தின வாரம் மட்டும் பதிவேடு நிரப்பும் இடங்களில் காகிதச் சுமைதான் மிச்சம்.

அப்புறம், சான்றிதழைத் தருவது ஐஎஸ்ஓ அல்ல, தனிச் சான்றளிப்பு அமைப்புகள். அதுவும் வேலை செய்யும் முறைக்குத்தான், பொருளின் தரத்துக்கு அல்ல.