உம் குல்தும் பாட்டு: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

ஷார்ஜாவில் பதினெட்டு வருடம் ஆகிறது. ஆபீஸில் பக்கத்து சீட் எகிப்துக்காரர் புண்ணியத்தில் எகிப்துப் பாடகி உம் குல்துமின் பழைய கெய்ரோ பாடல்கள் காதில் விழ ஆரம்பித்து, இப்போது வீட்டில் ஊத் என்கிற அரபுத் தந்தி வாத்தியமும் இருக்கிறது. வாசிப்பு சுமார்தான். கேள்விகளுக்கு வருகிறேன்.

கேள்வி: அண்ணா, அரபியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் உம் குல்தும் பாடிய 'அல் அத்லால்' பாட்டைக் கேட்டுத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஏன் இப்படி?

பதில்: பாட்டில் கரைந்து தன்னை மறப்பதற்கு அரபியில் 'தரப்' என்று தனிச் சொல்லே இருக்கிறது தம்பி. மேடைப் பதிவைக் கவனித்துக் கேளுங்கள். ஒரு வரியை முதலில் நேராகப் பாடுவார். கூட்டத்தில் யாரோ 'அல்லாஹ்!' என்பார். மறுபடி அதே வரி, இந்த முறை ஒரு சொல்லில் நின்று இழைப்பார். அரங்கமே 'இன்னொரு தடவை' என்று கத்தும். திரும்பவும் அதே வரி, வேறு வழியில். நமக்கு அர்த்தம் தெரியாவிட்டாலும், அடுத்து எப்படித் திரும்பப்போகிறார் என்று மனசு காத்திருக்க ஆரம்பித்துவிடும்.

அந்தப் பாட்டில் 'என் விடுதலையைக் கொடு, கைகளை அவிழ்த்துவிடு' என்கிற பொருளில் ஓர் இடம் வரும். இப்ராஹிம் நாகி எழுதியது காதலில் நொறுங்கியவனின் புலம்பல்; இசை ரியாத் அல் சுன்பாத்தி. மேடையேறியது 1966இல். அடுத்த வருடம் இஸ்ரேலுடனான ஜூன் போரில் எகிப்து தோற்றது. அப்புறம் அந்த வரியை வெறும் காதலாக யார் கேட்பார்கள்? அதே ஆண்டு நவம்பரில் பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் பாடி, கிடைத்த பணத்தை நாட்டுக்கே கொடுத்தார்.

கேள்வி: கீபோர்டில் வாசித்துப் பார்த்தேன், ஒட்டவே இல்லை.

பதில்: ஒட்டாது. 'ராஸ்த்' மகாமின் (மகாம் என்றால் நம்ம ராகம் மாதிரி) மூன்றாவது சுரம் கறுப்புக் கட்டைக்கும் வெள்ளைக் கட்டைக்கும் நடுவில் இருக்கிறது. மடியில் வைத்து மீட்டும் பல தந்தி வாத்தியமான கானூனை வாசிப்பவரைப் பாருங்கள்: தந்திகளின் இடது ஓரத்தில் வரிசையாகக் குட்டி உலோக நெம்புகள் இருக்கும். வாசித்துக்கொண்டே இடது கையால் அவற்றைத் தட்டி சுரத்தை மாற்றுவார். அரபு இசைக்கென்று வரும் கீபோர்டுகளில் இதற்குத் தனி பட்டன் உண்டு.

கேள்வி: இத்தனை வயலின் எதற்கு? சினிமாப் பாட்டு மாதிரி இருக்கிறதே.

பதில்: முன்பு 'தக்த்' என்ற சின்னக் குழுதான்: ஊத், கானூன், வயலின், ரிக் (கஞ்சிரா மாதிரி), நாய். (ஆமாம், 'நாய்'தான்; நாணல் குழல். சிரித்தாயிற்றா, சரி.) ரேடியோவும் சினிமாவும் வந்த பிறகு வயலின்கள் பெருகின, செல்லோ சேர்ந்தது. ஆனால் பெரும்பாலும் எல்லோரும் வாசிப்பது ஒரே மெட்டு. இருபது வில்கள் ஒன்றாகச் சறுக்கி அவர் விட்ட வரிக்குப் பதில் சொல்லும்போதுதான் உடம்பு சிலிர்க்கிறது. 1964இல் 'இன்த உம்ரி' பாட்டுக்கு இசையமைப்பாளர் அப்துல் வஹாப் எலக்ட்ரிக் கிட்டாரையே கொண்டுவந்தார். என் எகிப்து நண்பருக்கு அது ஆகாது. எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: சார், ஒரு மணி நேரம் உட்காரப் பொறுமை இல்லை. சுருக்கமான பதிவு உண்டா?

பதில்: ஸ்டூடியோ பதிவுகள் உண்டு, ஆனால் கூட்டத்தின் கூச்சல் இல்லாமல் பாதி உப்பு போய்விடும். மேடைப் பதிவையே இரண்டு நாளாகப் பிரித்துக் கேளுங்கள்.

கேள்வி: குரலில் ஓதுகிற சாயல் தெரிகிறதே?

பதில்: அப்பா கிராமத்து இமாம். குர்ஆன் ஓதிப் பழகிய நாக்கு, அதனால்தான் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுகிறது. சின்ன வயதில் பையன் வேடம் போட்டுத்தான் பாட அழைத்துப் போவார்களாம்.

கேள்வி: கையில் எப்போதும் அந்தக் கைக்குட்டை?

பதில்: மேடைப் பதற்றத்துக்கு என்பார்கள். வீடியோவில் வரி உச்சத்துக்கு ஏறும்போது முகத்தை விட்டுவிட்டு அந்தக் கையைப் பாருங்கள்.