வீட்டுக்கு எதிரே உள்ள காடு: அழிவதைத் தடுக்க வழி உண்டா?

கேள்வி: வணக்கம் ஐயா. சிங்கப்பூரில் மூன்று வருடங்களுக்கு முன் மறுவிற்பனை வீடு வாங்கினோம். "எதிரே இருப்பது பாதுகாக்கப்பட்ட காடு, யாரும் கை வைக்க முடியாது" என்று முகவர் சொன்னார். இப்போது அங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகள் வரப்போகின்றனவாம். வழக்குப் போட்டுத் தடுக்க முடியுமா? என் மகளும் பிடிஓ வீட்டுக்குத்தான், அதாவது வீவக புதிதாகக் கட்டித்தரும் வீட்டுக்குத்தான், காத்திருக்கிறாள். அதனால் கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: கூச்சப்பட எதுவும் இல்லை அம்மா. வீடும் வேண்டும், காடும் வேண்டும் என்பது நியாயமான ஆசைதான்.

முதலில் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் இணையத்தளத்தில் பெருந்திட்ட வரைபடத்தை (எந்த நிலம் எதற்கு என்று காட்டும் வரைபடம்) திறந்து, அந்த நிலம் எதற்கென்று குறித்திருக்கிறார்கள் எனப் பாருங்கள். இயற்கை வனப்பகுதி என்று சட்டப்படி அறிவிக்கப்பட்டவை இங்கே நான்குதான்: புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்பு, சுங்கை பூலோ, லாப்ரடார். மற்ற பல இடங்கள் பார்வைக்குக் காடு, வரைபடத்தில் குடியிருப்பு நிலம். கிளமெண்டி காடு 1998 முதலும் டோவர் காடு 2003 முதலும் அப்படித்தான் குறிக்கப்பட்டிருந்தன.

நீதிமன்ற வழி மிகக் குறுகலானது. சன்னலில் தெரியும் காட்சிக்கு யாருக்கும் சட்ட உரிமை கிடையாது. திட்ட அனுமதி (கட்டுவதற்கான அனுமதி) பற்றிய முடிவை எதிர்த்து அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யும் உரிமை விண்ணப்பித்தவருக்கு உண்டு, அக்கம்பக்கத்தாருக்கு இல்லை. முடிவெடுத்த முறையே சட்டத்தை மீறியது என்றால் நீதித்துறை மறுஆய்வு, அதாவது அந்த முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்ப்பது, கேட்கலாம். அதற்கும் பொதுவாக 3 மாதங்களுக்குள் உயர் நீதிமன்றத்திடம் அனுமதி கேட்க வேண்டும். மற்றவர்களுக்கு இல்லாத பாதிப்பு உங்களுக்கு என்ன என்று கேட்பார்கள். காடு போகிறதே என்ற வேதனை எனக்கும் உண்டு, ஆனால் அங்கே அது மட்டும் போதாது. இதில் உங்கள் சேமிப்பை இறைக்க நான் சொல்லமாட்டேன்.

உங்கள் குரலுக்கு மதிப்பு இருப்பது அதற்கு முந்தைய கட்டத்தில். சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டுக்கென்று இங்கே தனிச் சட்டம் இல்லை. திட்ட அனுமதியோடு சேர்த்துத்தான் அது நடக்கிறது. டோவரில் 2020 இறுதியில் அந்த இடத்தின் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையை வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். மக்கள் அறிக்கையைப் படித்து, என்னென்ன உயிரினங்கள் இருக்கின்றன, எங்கே ஓடை ஓடுகிறது என்று விவரமாக எழுதினார்கள். 2021 ஜூலையில், கிழக்குப் பாதியில் முதலில் கட்டுவது, மேற்குப் பாதியை இப்போதைக்கு விட்டுவைப்பது என்று முடிவானது. முழுக் காடும் தப்பவில்லைதான். ஆனாலும் யாரும் எழுதாமல் இருந்திருந்தால்? பெருந்திட்டத்தை மாற்றும்போதும் வரைவைக் காட்சிக்கு வைப்பார்கள். அந்த நாள்களைத் தவறவிடாதீர்கள். "கட்டாதே" என்று மட்டும் எழுதாமல், எந்தப் பகுதியை விடலாம், ஏன் என்று எழுதுங்கள்.

அப்புறம், முகவர் விஷயம். அவர் சொன்னதை நம்பித்தான் வாங்கினீர்கள் என்று காட்ட முடிந்தால், தவறான தகவல் தந்ததற்கு இழப்பீடு கேட்க இடமுண்டு. வரைபடத்தை நீங்களே பார்த்திருக்கலாமே என்று எதிர்த்தரப்பு வாதாடும், தயாராக இருங்கள். முகவர்களைக் கண்காணிக்கும் சொத்து முகவைகள் மன்றத்திடம் தனியாகப் புகாரும் கொடுக்கலாம். இரண்டுக்குமே ஆதாரம் வேண்டும். விளம்பரத்தையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பாருங்கள். இத்தகைய வழக்குகளுக்குக் காலவரம்பு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.