பழைய ஜிப்ஸியில் கிளட்ச் விடும்போது 'டொக்' சத்தம்: கிரவுன் பினியன் மாற்றத்தான் வேண்டுமா?

உங்கள் பழைய மாருதி ஜிப்ஸிக்கு கிரவுன் பினியன் (பின் அச்சின் டிஃபரன்ஷியல் பெட்டிக்குள் இருக்கிற பல்சக்கர ஜோடி) மாற்றத்தான் வேண்டுமா என்று நீங்கள் கேட்டதைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் போக மனசு வரவில்லை. கிளட்ச்சை விட்டு வண்டி நகரும்போது ஒரு 'டொக்', ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி மிதித்தால் இன்னொரு 'டொக்', ஓடும்போது ஊளைச் சத்தம் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது. பல் தேய்ந்த கிரவுன் பினியன் பெரும்பாலும் ஊளையிடும். மிதித்தால் ஒரு சுருதி, காலை எடுத்தால் வேறு சுருதி. ஒற்றை 'டொக்' என்பது எங்கோ இருக்கிற பிளே (தளர்வு) ஓடிப்போய் முட்டுகிற சத்தம். அது எங்கே என்று தேடாமல் டிஃபரன்ஷியலை இறக்கச் சொல்பவரை நம்பாதீர்கள்.

நான் மெக்கானிக் இல்லை. வால்பாறையில் பழைய ஜிப்ஸி வைத்திருப்பவன், அவ்வளவுதான். "பல் உடைந்தாலும் தட்டுமே" என்று யாராவது சண்டைக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: தட்டும். ஆனால் உடைந்த பல் சுற்றுக்கு ஒரு தடவை தட்டிக்கொண்டே இருக்கும், ஒரு தட்டோடு அடங்கிவிடாது.

என் வண்டிக்கும் இதே சத்தம்தான். ஆழியாறிலிருந்து மேலே வர 40 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு கியரை இறக்கி கிளட்ச்சை விட்டால் கூடவே ஒரு டொக். பொள்ளாச்சியில் ஒரு பட்டறையில் காட்டினேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, "பின்னாடி இறக்கணும் சார், கிரவுன் பினியன் செட்டு" என்றார்கள். செட்டின் விலை, லேபர், ஆயில் எல்லாம் சேர்த்து ஒரு தொகை வேறு. யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

இங்கே எஸ்டேட் லாரிகளுக்கு வேலை பார்க்கிற ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் முதலில் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு, அடியில் படுத்து, இன்ஜின் இழுவையை அச்சுகளுக்குக் கொண்டுபோகிற ஷாஃப்ட்களை ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) கியர் பாக்ஸோடு ஒட்டியிருக்காது, தனியாக ரப்பர் மவுண்டுகளில் உட்கார்ந்திருக்கும். அதனால் ஷாஃப்ட் மூன்று: நடுவில் ஒரு குட்டை, முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. திருப்பும்போது கிராஸின் (ஷாஃப்ட் முனையில் இருக்கிற சிலுவை வடிவ மூட்டு) ஒரு பக்க யோக் (அதைப் பிடித்திருக்கிற கவை) அசைந்து மறுபக்கம் அப்படியே நின்றால் அந்தக் கிராஸ் போச்சு. கிராஸின் முனைத் தொப்பியைச் சுற்றிச் செந்தூள் படிந்திருந்தால் உள்ளே ஊசி பேரிங் கிரீஸ் இல்லாமல் துருப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். என் வண்டியில் குட்டை ஷாஃப்ட்டின் கிராஸ் அப்படித்தான் இருந்தது.

அத்தோடு விடவில்லை. என்னை உள்ளே உட்காரச் சொல்லி, கால் பிரேக்கை அழுத்தியபடி ஃபர்ஸ்ட்டும் ரிவர்ஸும் மாற்றி மாற்றிப் போட்டு கிளட்ச்சை லேசாக விடச் சொன்னார். அவர் பக்கவாட்டில் தள்ளி நின்று பார்த்தார் (இந்த நேரத்தில் யாரும் வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ அடியிலோ இருக்கவே கூடாது). டிரான்ஸ்ஃபர் கேஸ் எழும்பி எழும்பி உட்கார்ந்தது. மவுண்ட் ரப்பர் ஒன்று கிழிந்து கிடந்தது. "பின்னாடி இருக்கிற பெட்டியில ஒரு குத்தமும் இல்லீங்க தம்பி. தொறந்தாத்தான் குத்தம் வரும்" என்றார். கிரவுனும் பினியனும் உட்கார வேண்டிய ஆழத்தை ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) வைத்து, பல்லில் பதிகிற மார்க்கிங் பார்த்துப் பொறுமையாகச் சரிசெய்ய வேண்டும். அவசரத்தில் பூட்டினால் இதுவரை இல்லாத ஊளை புதிதாக வரும். கிராஸும் மவுண்டும் மாற்றியதோடு என் சத்தம் நின்றது. செலவு பொள்ளாச்சி எஸ்டிமேட்டின் பக்கத்தில்கூட வரவில்லை.

உங்கள் வண்டியில் வேறு இடமாகவும் இருக்கலாம். பிரேக் பிடித்து நின்ற பிறகு தட்டினால் ஷாஃப்ட்டின் ஸ்ப்லைனுக்கு (ஒன்றுக்குள் ஒன்று வழுக்குகிற பல்வெட்டு இணைப்பு) கிரீஸ் அடித்துப் பாருங்கள். ஸ்பிரிங் பட்டையை அச்சோடு கட்டுகிற யூ போல்ட், பட்டை முனையில் இருக்கிற ஷேக்கிள் புஷ் இரண்டும் பார்க்க வேண்டியவை. பின் ஷாஃப்ட் வந்து பூட்டுகிற பினியன் ஃபிளாஞ்சைத் திருப்பினால் கொஞ்சம் பிளே தெரியும். எந்த வண்டியிலும் தெரியும், அதைக் காட்டி பயமுறுத்தினால் அசராதீர்கள்.

அப்படியும் பிடிபடவில்லையா? பின் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு, முன் ஹப்பை (முன் சக்கரத்தை அச்சோடு இணைக்கிற பூட்டு) லாக் செய்து, 4H-இல் (நாலு சக்கர இழுவை நிலை) போட்டு முன் சக்கர இழுவையில் மட்டும் சமதரையில் மெதுவாக ஓட்டுங்கள். சத்தம் காணாமல் போனால் குறை பின்பக்கம். கழற்றும் முன் ஃபிளாஞ்சிலும் ஸ்ப்லைனிலும் பெயிண்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பல் மாறிப் பூட்டினாலும் வண்டி அதிரும்.

பழைய வண்டி என்றாலே எல்லோருக்கும் இளக்காரம். 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. புகைச் சோதனையில் தேறுகிற வண்டிக்கு வயதானதற்காக அபராதமா? கேட்டால் "புது வண்டி வாங்குங்க சார்" என்கிறார்கள். வாங்கித் தருகிறவர் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

சரி, எதையும் கழற்றுவதற்கு முன்பு டிரான்ஸ்ஃபர் கேஸ் லிவர் 2H-இல்தான் (பின் சக்கர இழுவை மட்டும்) இருக்கிறதா என்று பாருங்கள். முன், பின் அச்சுகளை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற நடு டிஃபரன்ஷியல் ஜிப்ஸியில் கிடையாது. காய்ந்த தார் ரோட்டில் 4H-இலேயே ஓட்டித் திருப்பினால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கி, நல்ல வண்டியே 'டொக்' என்று அடிக்கும். லிவர் வர மறுத்தால் கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்கள், முறுக்கு விட்டு வந்துவிடும்.