முதல் நாளே முழு ஃபைலைக் கொடுங்கள்

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. கொழும்புக் கோட்டையில், இறக்குமதிப் பொருட்களைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் கொம்பனியில் வேலை செய்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு இந்த வருடம் என்னிடம் வந்திருக்கிறது. முதல் வாரம் ஆவணங்கள், இரண்டாம் வாரம் எச்.எஸ். கோட் (பொருட்களை வகைப்படுத்தும் இலக்கம்), மூன்றாம் வாரம் வரிக் கணக்கு, அப்புறம் சுங்கத்தின் கணினி முறையான அசிகுடா என்று பிரித்துப் படிப்பிக்கிறோம். பரீட்சையில் எல்லோருக்கும் நல்ல புள்ளி. ஆனால் உண்மையான ஷிப்மென்ட் ஒன்றைக் கொடுத்தால் எங்கே தொடங்குவதென்று தெரியாமல் நிற்கிறார்கள். எங்கே பிழை விடுகிறோம்?
- வெள்ளவத்தை வாசகர்

பதில்: தம்பி, பிள்ளைகளில் பிழை இல்லை. வேலையைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுத்துவிட்டு, அதை ஒட்டும் பாரத்தை அவர்கள் தலையிலேயே வைத்துவிடுகிறோம்.

புறக்கோட்டையில் ஒரு கந்தோரில் இருந்தபோது நானும் உங்களைப் போலத்தான் படிப்பித்தேன். பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையிடம் ஒரு கொன்டெய்னரை ஒப்படைத்தோம். கஸ்டெக் எனும் சுங்கப் பிரகடனம் சரி, வரியும் கட்டியாயிற்று. கப்பல் முகவரிடம் டெலிவரி ஓடர் மட்டும் எடுக்கவில்லை. அது இல்லாமல் பெட்டி துறைமுகத்தை விட்டு வெளியே வராது. ஐந்து நாள் அங்கேயே கிடந்து டெமரேஜ் எனும் தாமதக் கட்டணம் ஏறியது. டெலிவரி ஓடர் என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும், பரீட்சையில் எழுதிப் புள்ளியும் எடுத்தவர். எந்த வேலை நடக்கும்போது அதற்கு ஓட வேண்டும் என்பதைத்தான் நான் எந்த வாரத்திலும் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்று அந்தப் பிள்ளை அழுதது இன்றைக்கும் என் மனதில் நிற்கிறது.

நெதர்லாந்துக் கல்வியாளர் யெரூன் வான் மெரியன்பூர் 1990களில் முன்வைத்த பயிற்சி வடிவமைப்பு முறைக்கு அடித்தளமே முழு வேலைகள்தான். முதலில் இலகுவான முழு வேலை, பிறகு கடினமான முழு வேலை. மருத்துவ மாணவர்களைப் பயிற்றுவிப்பதிலும் இந்த முறை பயன்படுகிறது. இதைப் படித்த பிறகுதான் என் பயிற்சிநெறியை முழுக்க மாற்றினேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஏற்கெனவே கிளியர் ஆகி முடிந்த பழைய ஃபைல்களை எடுத்து, வாடிக்கையாளர் பெயரை மறைத்துவிடுங்கள். முதல் நாளுக்கு ஒரே பொருள், ஒரே கொன்டெய்னர், அனுமதிப்பத்திரம் தேவைப்படாதது. பிளாஸ்டிக் கதிரை போல ஏதாவது. இன்வொய்ஸ், பக்கிங் லிஸ்ட், கப்பல் கொம்பனி தரும் பில் ஒஃப் லேடிங், நிரப்பி முடித்த கஸ்டெக், டெலிவரி ஓடர் எல்லாம் அதில் இருக்கட்டும். பிள்ளைகள் எதையும் நிரப்ப வேண்டாம். இந்தத் தொகை எங்கிருந்து வந்தது, இந்தக் கடதாசி ஏன் இதற்கு முன் வந்தது என்று தேடிச் சொல்லட்டும். இரண்டாவது ஃபைலில் பாதி வெறுமையாக இருக்கட்டும். மூன்றாவதை அவர்களே முழுதாகச் செய்யட்டும்.

மூன்றும் ஒரே அளவு இலகுவாக இருந்தாலும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. ஒன்றில் இன்வொய்ஸ் எஃப்.ஓ.பி. விலையில், அதாவது கப்பலில் ஏற்றும் வரைக்குமான விலையில் இருக்கட்டும். விற்பவர், வாங்குபவர் பொறுப்புகளைச் சொல்லும் இன்கோடெர்ம்ஸ் 2020இன் 11 சொற்களையும் ஒப்புவிக்கிற பிள்ளைகூட, அங்கே கப்பல் கூலியையும் காப்புறுதியையும் சேர்த்து சி.ஐ.எஃப். பெறுமதி எடுக்க மறந்துவிடும். இன்னொன்றில் பக்கிங் லிஸ்டின் நிறையும் பில் ஒஃப் லேடிங்கின் நிறையும் ஒத்துப்போகாமல் இருக்கட்டும். துறைமுகத்தில் நடப்பது இதுதானே.

அதற்குப் பிறகு பல பொருட்கள் உள்ள ஃபைல், இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டிய ஃபைல் என்று ஏறுங்கள். ஒவ்வொரு படியிலும் வரும் முதல் ஃபைலுக்கு மறுபடியும் முழு உதவி கொடுங்கள். ‘இவர்களுக்குத்தான் பழகிவிட்டதே’ என்று அங்கே கையை விட்டுவிடாதீர்கள்.

வரி வீதங்களைப் பாடமாக்க வைக்க வேண்டாம். 2024 ஜனவரியில் வற் வரி 15இலிருந்து 18 வீதமானபோது மனப்பாடம் செய்தவர்களுக்குத்தான் தடுமாற்றம். வீதங்களை ஒரு தாளில் மேசையில் வையுங்கள், தேவைப்படும் நேரத்தில் பார்க்கட்டும். ஒரு பொருளை எந்த எச்.எஸ். தலைப்பில் போடுவது என்று யோசிக்கும் விதம் வேறு விஷயம். அதற்கு நேரம் எடுத்து, ஃபைலைத் தொடங்க முன்னரே பேசுங்கள்.

கேள்வி: அப்படியானால் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியே வேண்டாமா? எங்கள் மனேஜர் எச்.எஸ். அத்தியாயங்களை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்.
- கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: 97 அத்தியாயங்களை ஒப்புவித்து என்ன பயன், தங்கச்சி? புத்தகத்தைத் திறந்து பார்த்துத்தானே வேலை செய்யப் போகிறீர்கள். ஆனால் யோசிக்காமல் கை தானாகச் செய்ய வேண்டியவையும் உண்டு. கொன்டெய்னர் இலக்கம் அப்படி ஒன்று: நான்கு எழுத்து, ஏழு இலக்கம், அதில் கடைசியானது சரிபார்ப்பதற்கு. பில் ஒஃப் லேடிங்கில் உள்ளதும் கஸ்டெக்கில் அடித்ததும் ஒன்றா என்று பார்க்கிற பழக்கம் தினமும் பத்து நிமிடம் செய்தால்தான் வரும். முதல் முழு ஃபைலைப் பார்த்து முடித்த அடுத்த நாளிலிருந்து தொடங்குங்கள். அந்த இலக்கம் எங்கே போய்ச் சேர்கிறது என்று அதற்குள் தெரிந்திருக்கும்.