கால் வந்தது, கை ஏன் வரவில்லை?

வணக்கம் ஐயா,

அப்பா செட்டியார் தெருவில் நாற்பது வருடம் நகை வேலை செய்தவர். ஐந்து மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. இப்போது கால் பரவாயில்லை, காலி வீதி வரை நடந்து போய் வருகிறார். கைதான் வரவில்லை. கண்ணை மூடச் சொல்லி மோதிரத்தைக் கையில் வைத்தால், ஏதோ இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை என்கிறார். காலைவிடக் கை சின்னதுதானே, அது ஏன் பிந்துகிறது?

வாசகி, வெள்ளவத்தை

அன்பின் சகோதரிக்கு,

உடம்பில் கை சின்னதுதான். மூளையில் அப்படியில்லை.

காதுக்குக் காது ஹெயார்பேண்ட் போடுகிறோமே, ஏறக்குறைய அந்த வழியில் மூளையின் மேற்பட்டையில் ஒரு பள்ளம் ஓடுகிறது. அதற்கு முன்னால் உள்ள மடிப்பு அசைவுக்கு, பின்னால் உள்ளது தொடுகைக்கு. இரண்டிலும் உடம்பு தலைகீழாகக் கிடக்கிறது. கால், உச்சியிலிருந்து நடுப்பிளவுக்குள் இறங்கியிருக்கிறது. பக்கவாட்டில் கீழே வர வரக் கை, முகம், நாக்கு. வலக்கையை ஆள்வது இடப்பக்க மூளை.

மொன்றியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் வலிப்பு நோயாளிகளிடம் இதை இடம் இடமாகப் பார்த்தார். மூளைக்கு வலி தெரியாது. தலைத்தோலை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே மேற்பட்டையை மெல்லிய மின்சாரத்தால் தொடுவார். ஓரிடத்தில் பெருவிரல் அசையும், பக்கத்தில் உதடு கூசும். 1937ல் சக ஆய்வாளர் போல்ட்ரியுடன் சேர்ந்து இவற்றை வெளியிட்டார். இடங்களின் அளவுக்கேற்ப ஓர் ஆளை வரைந்தால் கையும் உதடும் நாக்கும் பூதாகரமாக இருக்கும், முதுகு சுருங்கிப் போகும்.

வீட்டிலேயே பார்க்கலாம். கொண்டை ஊசியின் இரு முனைகளையும் சில மில்லிமீற்றர் இடைவெளியில் உங்கள் விரல் நுனியில் வையுங்கள், இரண்டென்று தெரியும். முதுகில் வைத்தால் ஒன்றுதான். நுணுக்கம் வேண்டிய இடத்துக்கு மூளை அதிக நிலம் கொடுத்திருக்கிறது.

சரி, அப்பாவின் விஷயம். பாரிசவாதத்தில் பெரும்பாலும் அடைபடுவது பக்கவாட்டுப் பகுதிக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய். கையும் முகமும் அதன் எல்லைக்குள். காலின் இடத்துக்குப் பெரும்பாலும் வேறு குழாய். அப்பாவின் ஸ்கேனைப் பார்க்காமல் இதுதான் என்று சொல்லமாட்டேன், ஆனால் நீங்கள் எழுதியது இதோடு பொருந்துகிறது. நடப்பதற்குக் கால் ஓரளவு தாங்கினாலே போதும். குறடு பிடிக்க ஒவ்வொரு விரலும் தனித்தனியே கேட்டு நடக்க வேண்டும்.

மோதிரம் தெரியவில்லை என்கிறாரே, அதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அசைவில் மட்டும் குறையென்றால், விரல்கள் ஓரளவு தடவிப் பார்க்க முடிந்தாலே மோதிரம் என்று பெரும்பாலும் தெரிந்திருக்கும். பின் மடிப்போ அதையடுத்த பகுதியோ பாதிக்கப்பட்டிருக்கலாம். தொடுகை தெரியாத கை எவ்வளவு அழுத்திப் பிடிப்பதென்று அறியாது. பெலன் இருந்தும் பொருள் நழுவும்.

இந்த வரைபடம் கல்லில் வெட்டியதல்ல. 1996ல் ரன்டோல்ஃப் நூடோ குழுவினர், கைக்குரிய இடத்தில் சிறு சேதம் ஏற்பட்ட குரங்குகளுக்கு அந்தக் கையாலேயே உணவெடுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். சேதத்தைச் சுற்றி மிஞ்சியிருந்த கைப்பகுதி சுருங்காமல் நின்றது, சிலவற்றில் பக்கத்து இடங்களுக்கும் பரவியது. அப்பாவுக்கு எவ்வளவு திரும்பும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இடக்கையே எல்லாவற்றையும் செய்யப் பழகிவிடக்கூடாது என்று எனக்குப் பலமாகத் தோன்றுகிறது.

பிசியோதெரபி செய்பவரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு துணிப்பையில் மோதிரம், பொத்தான், ஐந்து ரூபாய்க் குற்றி போட்டு வலக்கையால் தேடச் சொல்லுங்கள். முதலில் கண்ணால் பார்த்துத் தடவட்டும், அப்புறம் கண்ணை மூடட்டும். பட்டறையிலிருந்து அவருடைய பழைய குறட்டையும் கொண்டுவந்து கொடுங்கள். நாற்பது வருடம் பிடித்த சாமான் அது.