திண்ணையில் சிவப்புக் கோடு: அரசியல் சாசனம் பற்றிச் செட்டிநாட்டு வாசகர்கள் கேட்டவை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து வரும் கேள்விகளில் பெரும்பாலானவை வீடும் மனையும்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சாலையை அகலப்படுத்த எங்கள் பொது வீட்டின் முகப்புத் திண்ணையில் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நோட்டீஸ் எதுவும் வரவில்லை. பங்காளிகளில் இருவர் இப்போது மலேசியக் குடிமக்கள். அவர்கள் ஆட்சேபிக்க முடியாது என்கிறார்களே? (பள்ளத்தூர் வாசகர்)

தாராளமாக முடியும். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த நபரின் சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 300ஏ பிரிவு. எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று அது கேட்கவில்லை. பேச்சுரிமை முதலியவற்றைத் தரும் 19ஆம் பிரிவு போன்ற சிலதான் குடிமக்களுக்கு மட்டும்.

1978இல் 44ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு 'சொத்துக்கு இப்போது உரிமையே கிடையாது' என்று டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள். நம்பாதீர்கள். 32ஆம் பிரிவின் கீழ் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போக முடியாது, அவ்வளவுதான். 226ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். முன்னறிவிப்பு, ஆட்சேபத்தைக் கேட்பது, காரணம் சொல்லி ஆணையிடுவது, பொது நோக்கம், நியாயமான இழப்பீடு எல்லாமே 300ஏ பிரிவுக்குள் அடக்கம் என்று 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அப்புறம் ஒரு கசப்பான விஷயம். நம் பக்கத்து வீடுகளில் சுவர் பட்டாவுக்குள்ளும் படிக்கட்டு புறம்போக்கிலும் நிற்பது உண்டு. திண்ணையும் அப்படி நின்றால் நிலத்துக்கு இழப்பீடு கேட்க வழியில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறது, தாத்தா காலத்துத் தேக்குத் தூண் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. ஆனாலும் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அகற்றுவதற்கு முன் நோட்டீஸ் தந்தாக வேண்டும். ஆகவே முதலில் புல வரைபட நகலை வாங்கி, சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். கோடு பட்டாவுக்குள் விழுந்தால், எந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கிறீர்கள் என்று கேட்டு பெற்றுக்கொண்டதற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். கோடு போட வந்தவரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது நாளைக்கு ரிட் மனுவில் உதவாது.

அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு பற்றித் தமிழில் புகார் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதி வரச் சொன்னார்கள். (தேவகோட்டை)

அப்படிச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை. குறைதீர்க்கக் கோரும் மனுவை மத்திய, மாநில அதிகாரிகள் யாரிடமும் இந்தியாவிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது 350ஆம் பிரிவு. வக்கீல்களிலேயே பலர் இதைப் புரட்டிப் பார்ப்பதில்லை. மனுவின் தலைப்பிலேயே 'அரசியல் சாசனப் பிரிவு 350இன் கீழ்' என்று எழுதிக் கொடுங்கள். வாங்க மறுத்தால் அதையே தபாலில் அனுப்புங்கள். பதிலும் தமிழில்தான் வர வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கல்யாணச் சமையலுக்கு எடுபிடியாகப் போகிறேன். அரசு நிர்ணயித்த கூலியைவிடக் குறைவாகத்தான் தருகிறார்கள். தனியாரிடம் சாசனம் செல்லுமா?

அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அரசை நோக்கியவை. 23ஆம் பிரிவு அப்படியல்ல, தனியாரையும் கட்டும். கட்டாய உழைப்பைத் தடை செய்யும் பிரிவு அது. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று 1982இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பசியும் ஒரு நிர்ப்பந்தம்தான் என்று ஏற்றுக்கொண்ட தீர்ப்பு. என்னைக் கேட்டால் நம் நீதிமன்றங்கள் தந்த மிகச் சிறந்த தீர்ப்புகளில் ஒன்று. நீங்கள் போக வேண்டிய இடம் தொழிலாளர் துறை. எந்தத் தேதி, எந்த மண்டபம், கையில் வந்தது எவ்வளவு என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

விசாரணை என்று சொல்லி ராத்திரி மகனைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனால் நான் என்ன கேட்பது?

கைதா, இல்லையா என்று முதலில் கேளுங்கள் அம்மா. கைது என்றால் 22ஆம் பிரிவு வந்துவிடும்: காரணம் சொல்ல வேண்டும், வக்கீலைக் கலந்துகொள்ள விட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்பது சாக்கு ஆகாது. கைதுக்கான காரணத்தை, கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குற்றம் நடக்காமல் தடுக்க என்று முன்கூட்டியே பிடித்து வைக்கும், குண்டர் சட்டம் போன்ற தடுப்புக் காவலுக்கு இந்த 24 மணி நேரக் கணக்கு பொருந்தாது.

ஜீவனாம்ச வழக்குப் போட வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை.

இலவசமாகவே கிடைக்கும். இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்று 39ஏ பிரிவு அரசுக்குச் சொன்ன நெறி, 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் சட்டத்தால் உங்கள் கையில் உரிமையாகவே வந்திருக்கிறது. பெண் என்றால் வருமான வரம்பே இல்லை. பக்கத்து நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேளுங்கள், அல்லது 15100க்கு போன் செய்யுங்கள்.

கானாடுகாத்தானில் கிராம சபை ஏன் நடப்பதில்லை?

அது பேரூராட்சி. கிராம சபையைப் பற்றிப் பேசும் 243ஏ பிரிவு ஊராட்சிகளுக்குத்தான். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் கிராம சபையில் எழுந்து பேசலாம். உங்கள் ஊருக்கு உரியது வார்டுக்குள் கூடும் பகுதி சபை. அது எப்போது கூடுகிறது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள்.