'எம்டி' என்ற பெயரை முதலில் மாற்றுங்கள்

கேள்வி: சி மொழியில் ஒரு சின்னக் கருவி எழுதியிருக்கிறேன். நூற்றுக்கணக்கான கோப்புகளில் ஒரு சொல்லைத் தேடி அந்த இடத்தில் வேறு சொல்லை வைத்துவிடும். 'மாற்று' என்பதைச் சுருக்கி 'எம்டி' என்று பெயரிட்டேன். டெப் கோப்பாக்கி என் கணினியில் நிறுவியும் விட்டேன். இதை முறைப்படி டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் சேர்ப்பது எப்படி? அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கட்டளை இருக்கிறது என்கிறார் நண்பர். இரண்டையும் ஒன்றாக நிறுவ முடியாதபடி 'கான்ஃப்ளிக்ட்ஸ்' என்று ஒரு வரி எழுதினால் போதாதா?

பதில்: போதாது. 'எம்டி' என்பது காந்த நாடா இயக்கிகளைக் கட்டுப்படுத்தும் பழைய யூனிக்ஸ் கட்டளை. டெபியனில் 'சிபிஐஓ', 'எம்டி-எஸ்டி' என்ற இரண்டு பேக்கேஜ்கள் அதைத் தருகின்றன. இரண்டும் ஒரே வேலையைச் செய்வதால், எது ஓட வேண்டும் என்று தெரிவுசெய்ய விடும் 'ஆல்டர்நேட்டிவ்ஸ்' முறையில் அந்தப் பெயரைப் பகிர்ந்துகொள்கின்றன. உங்கள் கருவியின் வேலை வேறு. வெவ்வேறு வேலை செய்யும் இரண்டு நிரல்கள் ஒரே பெயரில் இருக்கக் கூடாது என்று டெபியனின் கொள்கை ஆவணம் தெளிவாகச் சொல்கிறது. பெயர் மோதுகிறது என்ற ஒரே காரணத்துக்காகக் 'கான்ஃப்ளிக்ட்ஸ்' போடவும் அது அனுமதிப்பதில்லை. நாடாவில் காப்பு எடுப்பவர் உங்கள் கருவியையும் நிறுவ விரும்பலாம். அவரை ஏன் தடுக்க வேண்டும்?

'எஃப்டி' என்ற தேடல் கருவிக்கு இதுதான் நேர்ந்தது. அந்தப் பெயர் முன்பே எடுக்கப்பட்டிருந்ததால் டெபியனிலும் உபுண்டுவிலும் அதை 'எஃப்டிஃபைண்ட்' என்றுதான் அழைக்க வேண்டும். கோப்பைத் திரையில் காட்டும் 'பேட்' அதேபோல 'பேட்கேட்' ஆனது. இணையத்தில் படித்த கட்டளையை அப்படியே தட்டிவிட்டு, வரவில்லையே என்று முழிப்பவர்கள் இன்றும் உண்டு. உங்கள் நிலை அவர்களைவிட நல்லது. நிரலை எழுதியவரே நீங்கள்தான், இன்னும் யாரும் அதைப் பயன்படுத்தத் தொடங்கவில்லை. இப்போதே நான்கைந்து எழுத்தில் வேறு பெயர் வையுங்கள். வைக்கும் முன், எந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று காட்டும் 'ஆப்ட்-ஃபைல்' கொண்டு தேடிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, பேக்கேஜ் செய்வதைவிட முக்கியமானது. உங்கள் கணினியில் ஓடுவதால் எங்கும் ஓடும் என்று நினைக்காதீர்கள். டெபியன் உங்கள் மூலநிரலை ஏஎம்டி64 (வழக்கமான இன்டெல், ஏஎம்டி கணினிகள்) தவிர ஏஆர்எம்64, எஸ்390எக்ஸ் போன்ற பல சிபியு கட்டமைப்புகளிலும் தொகுக்கும் (கம்பைல் செய்யும்). சி மொழியில் எழுத்தை வைக்கும் 'சார்' வகை ஏஎம்டி64-இல் குறியுள்ள எண், ஏஆர்எம்மில் குறியற்ற எண். ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கும் 'கெட்சார்' தரும் மதிப்பை நீங்கள் ஒரு 'சார்' மாறியில் வைத்து, கோப்பின் முடிவைக் குறிக்கும் எதிர்ம எண்ணான 'இஓஎஃப்' உடன் ஒப்பிட்டிருந்தால், உங்கள் மடிக்கணினியில் சரியாக முடியும் நிரல் ஏஆர்எம்மில் முடிவே இல்லாமல் சுழலும். அந்த மாறியை 'இன்ட்' ஆக்கினால் சரியாகிவிடும்.

தமிழ் எழுத்து இந்த வகைப் பிழைகளைப் பிடிக்க நல்ல சோதனை. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 'க' மூன்று பைட், மூன்றும் 127-ஐத் தாண்டியவை. ஏஎம்டி64-இல் அவை எதிர்ம எண்களாகி, எழுத்தா என்று சோதிக்கும் 'இஸ்ஆல்ஃபா' போன்ற சார்புகளுக்குள் போனால் என்ன நடக்கும் என்று சொல்லவே முடியாது. அப்புறம், புள்ளி என்பது யூனிகோடில் தனிக் குறியீடு. 'பல' என்பதைச் 'சில' என்று மாற்றச் சொன்னால், சொல் எல்லையைப் பார்க்காத கருவி 'பல்வலி'யைச் 'சில்வலி' ஆக்கிவிடும். 'கொ' என்பதை இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம், மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடலில் ஒன்று தப்பிவிடும். இதையெல்லாம் சோதனைகளாக எழுதி, டெபியன் தானாக ஓட்டும் 'ஆட்டோபிகேஜிடெஸ்ட்'டில் சேர்த்துவிடுங்கள். பிறருடைய கோப்புகளைத் திருத்தும் கருவி இது. ஒருமுறை தப்பாக மாற்றினாலும் அவருடைய உழைப்பு போய்விடும்.

இனி பேக்கேஜுக்கு வருவோம். நிறுவும் கோப்பு மட்டும் போதாது, மூலநிரலும் அதைத் தொகுக்கும் விதிகளும் கொண்ட மூலப் பேக்கேஜ் வேண்டும். 'டெபியன்' ஃபோல்டரில் 'கன்ட்ரோல்', 'ரூல்ஸ்', 'சேஞ்ச்லாக்', 'காப்பிரைட்' ஆகியவை இருக்க வேண்டும். ஆசிரியரும் பராமரிப்பாளரும் நீங்களே என்றாலும் டெபியனுக்கென்றே எழுதியவற்றுக்கான 'நேட்டிவ்' வடிவத்தை எடுக்காமல், மூலநிரலையும் டெபியன் பகுதியையும் பிரித்து வைக்கும் '3.0 குயில்ட்' வடிவத்தையே எடுங்கள். வழக்கமான வேலைகளைத் தானே செய்யும் 'டெப்ஹெல்பர்' இருப்பதால் 'ரூல்ஸ்' மூன்றே வரியில் முடியும், நிரலைத் தொகுத்து நிறுவும் மேக்ஃபைல் ஒழுங்காக இருந்தால்! எந்த ஃபோல்டருக்குள் நிறுவுவது என்று சொல்லும் 'டெஸ்ட்டிர்' மாறியை அது மதிக்க வேண்டும். 'யூஎஸ்ஆர் லோக்கல்' ஃபோல்டரில் நிறுவக் கூடாது என்பதால் முன்னொட்டையும் மாற்ற முடிய வேண்டும். கம்பைலருக்கான தெரிவுகளைக் கொண்ட 'சிஃப்ளாக்ஸ்' மதிப்பை உள்ளேயே எழுதி வைத்திருந்தால் டெபியன் தரும் பாதுகாப்புத் தெரிவுகள் அடிபட்டுப் போகும். உங்கள் கணினியின் சிபியுவுக்கு மட்டும் ஏற்றபடி தொகுக்கும் 'மார்ச்=நேட்டிவ்' இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். மேன் பக்கம் (கட்டளையின் கையேடு) இல்லாவிட்டால் அதுவும் ஒரு பிழைதான். நேரமில்லை என்றால், நிரலின் உதவிச் செய்தியிலிருந்து அதை உருவாக்கும் 'ஹெல்ப்2மேன்' கொண்டு தொடங்கி, பிறகு கையால் திருத்துங்கள்.

வேறு எங்கிருந்தாவது ஒரு ரெகெக்ஸ் (வடிவம் கொண்டு உரையைத் தேடும் நிரல்) கோப்பை எடுத்துச் சேர்த்திருக்கிறீர்களா? அதன் உரிமத்தையும் 'காப்பிரைட்' கோப்பில் தனியாகக் குறிக்க வேண்டும். புதுப் பேக்கேஜ்களைப் பார்க்கும் எஃப்டிபி மாஸ்டர் குழு அதைக் கோப்பு கோப்பாகச் சரிபார்க்கும். பலருடைய பேக்கேஜ் திரும்பி வருவது இங்கேதான்.

எல்லாம் தயாரானதும் 'எஸ்பில்ட்' வைத்துச் சுத்தமான சூழலில் தொகுத்துப் பாருங்கள், பேக்கேஜைச் சோதிக்கும் 'லிண்டியன்' சொல்லும் குறைகளைத் தீர்த்துவிடுங்கள். இதற்கிடையில், வரப்போகும் பேக்கேஜ்களின் பட்டியலான 'டபிள்யூஎன்பிபி'யில் ஐடிபி பிழை (இதைப் பேக்கேஜ் செய்யப்போகிறேன் என்ற அறிவிப்பு) ஒன்றைப் பதிந்து, அதன் எண்ணைச் 'சேஞ்ச்லாக்'கில் 'குளோசஸ்' என்று எழுதுங்கள். பதிவேற்றும் உரிமை உங்களுக்கு இன்னும் இல்லை. மென்டார்ஸ் தளத்தில் பேக்கேஜை ஏற்றி, ஸ்பான்சர் தேவை என்ற ஆர்எஃப்எஸ் கோரிக்கை வையுங்கள். டெபியன் டெவலப்பர் ஒருவர் ஸ்பான்சராகப் பார்த்து, திருத்தம் சொல்லி, உங்கள் சார்பில் ஏற்றுவார். பதில் வரத் தாமதமானால் சோர்ந்துவிடாதீர்கள், எல்லாரும் தன்னார்வலர்கள்.

ஏற்கப்பட்ட பிறகு புதியவர்கள் பலர் தவறவிடும் ஒன்று உண்டு. முதல் பதிவேற்றத்தில் தொகுத்த பைனரியையும் சேர்த்து அனுப்பியாக வேண்டும். அப்படி வந்த பைனரி, அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் 'டெஸ்டிங்' கிளைக்குப் போகாது. அதனால் பதிப்பின் கடைசி எண்ணை ஒன்று கூட்டி, மூலநிரலை மட்டும் கொண்ட இரண்டாவது பதிவேற்றத்தைச் செய்யும்படி உங்கள் ஸ்பான்சரிடம் கேளுங்கள். டெபியனின் கணினிகளே அதைத் தொகுத்ததும், பெரிய பிழை எதுவும் வராவிட்டால், வழக்கமாக 5 நாளில் அது டெஸ்டிங்குக்கு நகரும்.